நெய் தொடாதவர்கள்

என் கணவர் பாசுரத்தின் ஓர் அடியை இரண்டாக உடைத்துச் சொன்ன அன்றுதான் எனக்கு முதன்முதலில் பயம் வந்தது.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில் இருந்தது. அவருக்குப் பொன்மலையில் ரயில்வே ஆபீஸ் வேலை. ஆனால் என்ன செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் ஆபீஸைச் சொல்ல மாட்டார். கோயில் கோஷ்டியில் பாசுரம் சொல்கிறேன் என்பார். காலையில் ஆபீஸுக்கு முன் ஒரு தடவை, சாயங்காலம் வந்து குளித்துவிட்டு ஒரு தடவை, பெருமாள் முன்னால் வரிசையாக நின்று சேர்ந்து சொல்லும் கூட்டம் அது. நீளமான இரண்டு அடிகளை ஒரே மூச்சில் முடிப்பதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. பக்கத்தில் நிற்பவர் நடுவில் மூச்சு வாங்கினால், வீட்டுக்கு வந்து அதை எனக்கு நடித்துக் காட்டுவார். பெருமாள் சந்நிதியில் போய் இதையா கவனிக்கிறது என்று நான் கேட்டால் சிரிப்பார்.

அன்று தளிகை முடிந்து, சாதத்தையும் பருப்பையும் வழக்கம்போல முதலில் வீட்டுப் பெருமாள் முன்னால் கொண்டுவந்து வைத்தேன். அவர் பாசுரம் சொல்ல ஆரம்பித்தார். முதல் அடியின் பாதியில் குரல் நின்றது. மார்பில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு மீதிப் பாதியைச் சொன்னார்.

"ஏன்னா, என்ன பண்றது?"

"ஒண்ணுமில்லை. வாயு."

எங்கள் வீதியில் ஆண்பிள்ளைகளுக்கு வரும் எல்லா வியாதிக்கும் அதுதான் பெயர். நானும் ஓமத்தைக் கஷாயம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரமே பொன்மலை ஸ்டேஷன் மேம்பாலப் படியில் ஏறும்போது நடுவில் உட்கார்ந்துவிட்டார். ஆபீஸ் நண்பர் ஒருவர் குதிரை வண்டி வைத்துக் கொண்டுவந்து விட்டார். வாசலில் இறங்கும்போது முகத்தில் ரத்தமே இல்லை. குழந்தைகள் இரண்டும் ஸ்கூல் படிப்புக்கூட முடிக்காத வயது. இனி வாயு என்று சொன்னால் நான் கேட்பதாக இல்லை.

இது அறுபதுகளின் நடுவில். மலைக்கோட்டைக்குக் கீழே, ஜவுளிக் கடைகள் நெருக்கியடிக்கும் ஒரு சந்தில் அந்த டாக்டர் இருந்தார். கீழே கடை, மேலே டாக்டர். மார்வலிக்கு வைத்தியம் பார்க்கிற மனிதர் அவ்வளவு செங்குத்தான மாடிப்படிக்கு மேலே போய் உட்கார்ந்திருப்பது என்ன நியாயம் என்று எனக்குக் கோபம் வந்தது. என் கணவர் பாதிப் படியில் நின்று, சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, கடையில் தொங்கும் சேலைகளைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார். பிறகுதான் தெரிந்தது, டாக்டர் மேலே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார் என்று. பாதி வைத்தியம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

டாக்டருக்குத் துறையூர்ப் பக்கம். கிறிஸ்தவர். சுவரில் மாதா படம். நிதானமாகப் பேசுவார், ஆனால் பதில் சரியாக வரும்வரை விடமாட்டார். ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். அடுத்த தடவை போனபோதுதான் கொலஸ்ட்ரால் என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டேன்.

"அது ஒரு மாதிரிக் கொழுப்புங்க. உடம்புக்கு வேணும்தான். ஆனா அளவுக்கு மேல போனா ரத்தக்குழாய் உள்பக்கம் படிஞ்சுடும். உடம்பே கொஞ்சம் தயார் பண்ணிக்கும். மீதி நெய், வெண்ணெய், பால்ல இருந்து வரும்."

எங்கள் சமையலறைத் தூம்பு மார்கழியில் அடைத்துக்கொள்வது எனக்கு ஞாபகம் வந்தது. நெய்ப் பாத்திரம் கழுவிய தண்ணீர் குளிரில் உறைந்து உள்ளே வெள்ளையாகப் பிடித்துவிடும். வெந்நீர் ஊற்றிக் குச்சியால் குத்துவேன். அதைச் சொன்னேன். டாக்டர் சிரித்தார். "அவ்வளவு சுலபமா குத்தி எடுக்க முடியாதும்மா" என்றார். நெய்யை அடியோடு நிறுத்தச் சொன்னார். அதற்குப் பதில் நல்லெண்ணெய், வேர்க்கடலை, பருப்பு, கீரை என்று அடுக்கினார்.

எண்ணெயும் கொழுப்புத்தானே, அது மட்டும் எப்படி நல்லது என்று நான் கேட்டேன். அப்போது அவர் சொன்னது இன்றுவரை எனக்கு மறக்கவில்லை.

"சத்திரம் பஸ் ஸ்டாண்டுல துறையூர் பஸ்ஸுக்கு நின்னிருக்கீங்களா? பஸ் வந்து நிக்கறதுக்குள்ள ஜன்னல் வழியா துண்டைப் போட்டு இடம் பிடிப்பாங்க இல்லையா? செடி கொடியில கொலஸ்ட்ரால் கிடையாது. ஆனா அதுக்குப் பங்காளி மாதிரி ஒண்ணு இருக்கு. ஸ்டெரால்னு பேரு. பார்க்க ரெண்டும் ஒரே அச்சு. குடல்ல கொலஸ்ட்ரால் ஏறி உக்கார வேண்டிய இடத்துல இது துண்டைப் போட்டுடும். வேடிக்கை என்னன்னா, இது தானும் ரொம்பப் பயணம் போறதில்லை. இடத்தை மட்டும் பிடிச்சுக்கும். உள்ள ஏற முடியாத கொலஸ்ட்ரால் அப்படியே வெளியில போயிடும்."

என் கணவருக்கு அது பிடித்துவிட்டது. தனக்கு வேண்டாத இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்தவனை ஏறவிடாத ஆட்களை அவருக்கு ஆபீஸிலேயே தெரியும் என்றார்.

"ஆனா ஒண்ணு," என்றார் டாக்டர். "சாப்பாட்டுல இருக்கறது கொஞ்சந்தான். அதனால அதையே பிரிச்சு எடுத்து மருந்தா பண்ணியிருக்காங்க. சீமையில இருக்கற என் தங்கை மூலமா சில பாட்டில் வந்திருக்கு, தரேன். ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டுக்கு முன்னாடி குடிக்கணும். கொஞ்சம் இறங்கும். அதிசயமெல்லாம் எதிர்பார்க்காதீங்க."

அந்த மருந்து கோலமாவைக் கரைத்ததுபோல் இருக்கும். குடித்த பிறகும் நாக்கில் மாவாக ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அவர் முகத்தைச் சுளிப்பார். சீமை பாட்டில் சமையலறைக்குள் வரக்கூடாது என்பதால் அதற்கு வாசல் நடையான ரேழியில் ஒரு மாடம். அதற்கென்று ஒரு கரண்டி. தினமும் சாப்பாட்டுக்கு முன் ரேழிக்குப் போய், கோலமாவைக் குடித்து, காலலம்பி, உள்ளே வந்து உட்காருவார்.

நான் நெய் ஜாடியைப் பரணில் ஏற்றினேன். வீட்டுப் பெருமாளுக்கு வைக்கும் சாதத்தில் ஒரு துளி, அதோடு சரி. அவர் இலையில் பருப்புச் சாதத்துக்கு நல்லெண்ணெய். எங்கள் வீதியில் இது தெரிந்தால் என்னைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். எள்ளை வறுத்துப் பொடித்தேன், கடலையைத் துவையலாக அரைத்தேன், வாரத்தில் பாதி நாள் கீரை. அவர் நெய்யில்லாமல் சாப்பிடும்போது எனக்கு மட்டும் இறங்குமா? நானும் நிறுத்திவிட்டேன். ரசம் தாளிப்பதுகூட எண்ணெயில்தான். குழந்தைகள் முணுமுணுத்தன. அவர் மட்டும் ஒரு சொல் சொல்லாமல் சாப்பிட்டார். அந்த மனிதர் நெய் இல்லாமல் மோர்ச் சாதம்வரை போவதைப் பார்க்க எனக்கு அழுகை வரும்.

சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். முடிவு தெரிந்துகொள்ள நாங்கள் இருவரும் போனோம். அவர் இந்தத் தடவையும் பாதிப் படியில் சேலை பார்த்தார்.

டாக்டர் காகிதத்தை மேஜைமேல் விரித்து, எண்ணை விரலால் தொட்டு மறுபடி பார்த்தார்.

"இறங்கவே இல்லைங்க. ஒரு நூல் கூடத்தான் ஆயிருக்கு. மருந்து குடிக்கறீங்களா?"

"தவறாம."

"நெய்?"

"தொடறதே இல்லை."

டாக்டர் என்னைப் பார்த்தார். "வீட்டுல பாசத்துல தெரியாம ஊத்திடறாங்க. நிறைய வீட்டுல பார்த்திருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. "என் கையால ஒரு சொட்டு விட்டதில்லை, டாக்டர். நானே தொடறதில்லை. அவர் பொய் சொல்லலை. எங்காத்துல யாரும் பொய் சொல்றதில்லை" என்று படபடவென்று பொரிந்துவிட்டேன். அறைக்கு வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

என் கணவருக்குச் சங்கடமாகிவிட்டது. பேச்சை மாற்றவேண்டுமே என்று பையைத் திறந்தார். அன்று கோயிலில் விசேஷம். காலையில் கோஷ்டி முடிந்து கொடுத்த சர்க்கரைப் பொங்கலில் கொஞ்சம் டாக்டருக்கென்று இலையில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். வேறு மதத்தவர் எடுத்துக்கொள்வாரோ மாட்டாரோ என்று தயங்கி நீட்டினார். டாக்டர் எழுந்து, இரண்டு கையாலும் வாங்கி, பிரித்து ஒரு வாய் சாப்பிட்டார்.

பிறகு தன் விரல்களைப் பார்த்தார். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுவரை பளபளவென்று நெய் வழிந்துகொண்டிருந்தது. அறையின் மூலையில் கை கழுவும் பேசின் இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவினார், போகவில்லை, மறுபடி கழுவினார். இலையை வைத்த இடத்தில் சோதனைக் காகிதம் நெய்யில் நனைந்து, கீழே இருந்த மேஜை தெரிந்தது.

துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "இது எப்பெப்போ கிடைக்கும்ங்க?"

"விசேஷத்துக்குத்தான் இது. மத்த நாள்ல வெறும் வெண்பொங்கல்தான். சில நாள் ரொட்டியும் வெண்ணெயும். சாயங்காலம் வேற ஏதாவது."

"அதையெல்லாம் சாப்பிடறீங்களா?"

என் கணவர் உண்மையிலேயே குழம்பிப்போனார். "சாப்பிடறதா? அது பிரசாதமாச்சே."

தினமும் காலையில் கை நிறையப் பொங்கலை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மீதியைத் தொன்னையில் கொண்டுவருவார். நான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குழந்தைகளுக்குக் கொடுப்பேன். அதில் நெய் இருப்பது எனக்குத் தெரியாதா? அவருடைய மேல்வஸ்திரத்தின் முனையில் நெய்க்கறை போக நான்தானே சீயக்காய் போட்டுத் தேய்க்கிறேன்? ஆனால் அது சாப்பாட்டுக் கணக்கில் வரும் என்று எங்கள் இருவர் புத்தியிலும் ஒரு நாளும் தோன்றவில்லை. பசித்துச் சாப்பிடுவது சாப்பாடு. பெருமாள் கொடுப்பதைப் பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாங்கிக்கொள்வோம். ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தரவும் வேண்டாம், மாற்றிச் சொன்னால் ஏறவும் ஏறாது.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"அப்போ மருந்து எப்ப குடிச்சீங்க? வீட்டுச் சாப்பாட்டுக்கு முன்னாடி. அதுல நெய்யே கிடையாது. நெய் போன வேளையில மருந்து போகலை. காலி பஸ்ஸா பார்த்துத் துண்டைப் போட்டிருக்கீங்க, சாமி."

பிறகு ஒரு வழி சொன்னார். பிரசாதம் வாங்குவதற்குச் சற்று முன் ஒரு கரண்டி மருந்தைக் குடித்துவிடுங்கள் என்றார். என் கணவர் எழுந்துவிட்டார். மாடியிறங்கி, பஸ் ஏறி, காவேரிப் பாலம் தாண்டினோம். மொட்டைக் கோபுரத்தருகே இறங்கியதும் நின்றார்.

"பெருமாள் குடுக்கறதுக்கு முன்னால முறிவு மருந்து குடிச்சிட்டுப் போய் நிக்கணுமா? அது என்ன விஷமாடி?"

மருந்தைக் குடித்துவிட்டுப் போய் நின்றால், கொடுப்பவரைச் சந்தேகப்படுவதுபோல். நீட்டும்போது வேண்டாம் என்பதோ அதைவிடப் பெரிய அபசாரம். இரண்டும் முடியாது என்பதால், மறுநாள் காலை அவர் கோயிலுக்கே போகவில்லை.

அதன் பிறகு வந்த நாட்கள் எங்கள் வாழ்க்கையிலேயே மோசமானவை. விடியற்காலையில் வழக்கம்போல் விழித்துக்கொள்வார். குளிப்பார். நாமம் இட்டுக்கொள்வார். பிறகு கூடத்தில் உட்கார்ந்து, கோயில் மணி கேட்கும்போது தலையைக் குனிந்துகொள்வார். கோஷ்டியிலிருந்து ஆள் வந்து விசாரித்தால் உடம்பு சரியில்லை என்று நான் சொல்லி அனுப்புவேன். வீட்டுப் பெருமாளுக்குப் பாசுரம் சொல்லும்போது குரல் எழும்பவே இல்லை. வாய் மட்டும் அசைந்தது. மார்வலியில் போகாவிட்டால் இந்த மனிதர் இதில் போய்விடுவார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் டாக்டர்மேல் கோபப்பட்டேன். ரேழியில் இருந்த பாட்டில்மேல் கோபப்பட்டேன். உண்மையைச் சொன்னால் பெருமாள்மேலேயே கோபப்பட்டேன். உம்முடைய மடைப்பள்ளியில் நெய்யைக் கொஞ்சம் குறைத்தால்தான் என்ன என்று சமையலறையில் நின்று சத்தமாகவே கேட்டேன்.

ஒரு நாள் காலை அவருக்குக் காபியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"பிரசாதம் எவ்வளவு சாப்பிட்டா பலன்?"

"எவ்வளவா? ஒரு பருக்கை போறும். என்ன கேள்வி இது."

"அப்போ ஒரு பருக்கையை வாயில போட்டுக்கோங்கோ. மீதியை எங்கிட்ட குடுங்கோ. வேண்டாம்னு சொல்லலை, மருந்தும் குடிக்கலை. நான் வெளி மண்டபத்துல தூணோரமா நிக்கறேன்."

நிமிர்ந்து பார்த்தார். அபசாரம் எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுவது முகத்தில் தெரிந்தது. அகப்படவில்லை போலும். காபியைக் குடித்துவிட்டு எழுந்தார்.

அன்றிலிருந்து அது எங்கள் வழக்கமாயிற்று. கோஷ்டி முடிந்து, இரண்டு கையையும் குவித்துப் பொங்கலை ஏந்திக்கொண்டு வருவார். தூணருகில் நின்று, ஒரு பருக்கையை எடுத்துக் கண்ணை மூடி வாயில் போட்டுக்கொள்வார். மீதியை என் கையில் சரிப்பார். ஆபீஸுக்கு நேரமாகிவிடும், கிளம்பிவிடுவார். பெருமாள் கொடுத்து, கணவர் கொடுத்தது, கீழே சிந்தலாமா? அங்கேயே தூணோரம் நின்று சாப்பிட்டு முடிப்பேன். குழந்தைகள் தலையெடுத்து, காலையில் அது வேண்டாம் இது வேண்டாம் என்று ஓட ஆரம்பித்த பிறகு, வீட்டுக்கென்று தொன்னையில் வாங்குவதும் எனக்குத்தான் வந்தது. சாயங்காலமும் அப்படியே.

சீமை பாட்டில்கள் கொஞ்ச நாளில் தீர்ந்துவிட்டன. பிறகு கிடைக்கவில்லை. போனால் போகட்டும், எள்ளிலும் கடலையிலும் பருப்பிலும் இருக்கிற கொஞ்சம் துண்டு போடட்டும் என்றார் டாக்டர். அடுத்த சோதனையில் எண் இறங்கியது. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். நெய்யை விட்டதாலா, எள்ளாலா என்று கேட்டேன். பெரும்பங்கு நெய்யை விட்டதுதான், எள்ளும் ஒரு கை கொடுத்திருக்கும் என்றார் அந்த நேர்மையான மனிதர். ஒரு மார்கழி மாதக் காலையில், தூணோரம் நின்றுகொண்டிருந்த எனக்கு உள்ளேயிருந்து அவர் குரல் தனியாகக் கேட்டது. இரண்டு அடியும் ஒரே மூச்சு. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இப்படிச் சில வருஷம் ஓடியது. அறுபதுகள் முடியும் சமயம், அவருடைய சோதனைக்காக மறுபடி அந்த மாடிப்படி ஏறினோம். அவர் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டார். நான் பாதிப் படியில் நின்றேன். மூச்சு முட்டியது. எதிரே நீலத்தில் ஜரிகை போட்ட சேலை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்ப்பதுபோல் நின்றேன்.

மேலே கதவு திறந்திருந்தது.

டாக்டர் அவருடைய காகிதத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு, அம்மாவுக்கும் ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். எனக்கு எதற்கு என்று மறுத்தேன். விடவில்லை. அடுத்த வாரம் போனபோது என் காகிதத்தைத்தான் முதலில் விரித்தார். ஐயா முதலில் வந்தபோது இருந்ததைவிட இது கூடுதல் என்றார்.

"நெய் நிறைய சேர்த்துக்கறீங்களாம்மா?"

"நெய்யா?" என்றேன் நான். "நான் தொடறதே இல்லையே, டாக்டர். அவர் விட்ட நாள்லேர்ந்து நானும் விட்டாச்சு."

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. பக்கத்தில் என் கணவர் என் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு பேசினார். குரல் பாதியில் உடைந்தது.

"அவ பொய் சொல்லலை, டாக்டர்."

மறுநாள் காலை, கோஷ்டி முடிந்து கையைக் குவித்துக்கொண்டு வந்தார். ஒரு பருக்கையைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். இன்னொரு பருக்கையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். பிறகு திரும்பி, வெளியூரிலிருந்து வந்து வரிசையில் நின்றவர்களுக்கு மீதி முழுவதையும் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு என் பக்கத்தில் வந்து நின்றார். அன்று ஆபீஸுக்கு நேரமாவதைப் பற்றி அவர் பேசவில்லை. அந்த ஒரு பருக்கையை விழுங்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.